கிமோனோவின் பாகங்கள்: ஒரே துணிச்சுருளில் எட்டுத் துண்டு

கேள்வி இதுதான்: "கிமோனோ படம் ஒன்றில் முப்பது பெயர் போட்டிருக்கிறார்கள். சோடே, எரி, ஒக்குமி, மிகோரோ என்று எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறது. எது எந்தப் பாகம், அது எதற்கு இருக்கிறது? இடுப்பில் கட்டும் ஒபியும் கிமோனோவில் சேர்த்தியா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒபி சேர்த்தி இல்லை. கிமோனோ என்பது தைத்த அங்கி மட்டும். உள்ளே போடும் அங்கி, கட்டி நிறுத்தும் நாடாக்கள், மேலே சுற்றும் ஒபி, காலில் போடும் தாபி எல்லாம் தனித்தனிப் பொருள்கள். படம் வரைகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பொம்மைக்கு மாட்டிவிட்டு அம்புக்குறி போடுவதால் பட்டியல் முப்பதைத் தாண்டிவிடுகிறது. தைத்த அங்கிக்கு மட்டும் என்றால் அடிப்படைத் துண்டுகள் எட்டுதான். மீதிப் பெயர்கள் அந்த எட்டும் சேரும் இடங்களுக்கும், திறந்து விட்ட இடங்களுக்கும், அளவுகளுக்கும் வைத்தவை.

பெயர்களை மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். துணியை எப்படி வெட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பெயர்கள் தானாக இடத்தில் போய் உட்காரும்.

கிமோனோவுக்கான துணி டன்மோனோ என்கிற சுருளாக வரும். அகலம் 36 முதல் 38 செ.மீ. வரை, நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். ஒரு சுருள், ஒரு பெரியவருக்கு ஒரு கிமோனோ. அகலம் இவ்வளவு குறுகலாக இருப்பதற்குக் காரணம் தறி. உட்கார்ந்து நெய்கிறவர் ஓடத்தை ஒரு கையால் தள்ளி மறுகையால் வாங்குகிற அளவுதான் துணியின் அகலம். தையல்காரர்கள் இதை அளக்க வைத்திருந்த கோல்கூடத் தனி. தச்சர்களின் ஷாக்கு என்கிற நீள அளவு 30.3 செ.மீ.; துணிக்கான குஜிராஜாக்கு என்கிற அளவில் ஒரு ஷாக்கு 37.9 செ.மீ. கிமோனோ தைப்பவர்கள் இன்றும் இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

இந்தச் சுருளை எப்படி வெட்டுகிறார்கள்? முழு அகலத்தில் இரண்டு கைத்துண்டு. முழு அகலத்தில் இரண்டு நீண்ட உடல்துண்டு. மிச்சமிருக்கும் துணியை நீளவாக்கில் கிழித்தாற்போல் பிரித்தால் ஒரு பக்கத்திலிருந்து முன்பக்கச் சேர்ப்புத் துண்டுகள் இரண்டு, மறுபக்கத்திலிருந்து காலர் ஒன்று, காலரின் மேலுறை ஒன்று. ஆக எட்டு. எல்லாம் நேர்வெட்டு, எல்லாம் நீள்சதுரம். வளைத்து வெட்டுவது என்பதே கிடையாது. வெட்டுத்துணி என்று குப்பைக்குப் போவதும் அநேகமாக எதுவும் இல்லை.

உடல்துண்டுதான் மிகோரோ. ஒவ்வொன்றும் முன்பக்கக் கீழ்விளிம்பில் தொடங்கி, மேலேறி, தோளைத் தாண்டி, முதுகு வழியாகப் பின்பக்கக் கீழ்விளிம்பு வரை ஒரே துணியாக இறங்கும். அதனால் கிமோனோவில் தோள் தையல் இல்லை. முன்பக்கம் விழும் பாதி மாயேமிகோரோ, முதுகுப்பக்கம் விழும் பாதி உஷிரோமிகோரோ. இரண்டு உடல்துண்டுகளும் முதுகின் நடுவில் சேரும் தையல் செநுயி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை நேராக ஓடும் இந்தக் கோடு சரியாக முதுகெலும்பின் மேல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தே ஒருவர் கிமோனோவை ஒழுங்காக உடுத்தியிருக்கிறாரா என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த முதுகுத் தையலைச் சுற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கைக்குழந்தைக்குத் தைக்கும் கிமோனோவுக்கு ஒரு துணி அகலமே முதுகுக்குப் போதும், நடுத்தையல் வராது. தையல் இல்லாத முதுகின் வழியே கெட்டது ஏதும் குழந்தையை அண்டிவிடும் என்று அஞ்சி, தாய்மார்கள் கழுத்துக்குக் கீழே வண்ண நூலில் சில தையல்களோ ஒரு சின்னப் பூவோ போட்டு வைப்பார்கள். அதன் பெயர் செமமோரி. பழைய குழந்தை உடைகளில் இவற்றைப் பார்க்கலாம். சில வெறும் நேர்க்கோடு, சில ஆமை, கொக்கு என்று அருமையான எம்பிராய்டரி.

அடுத்தது ஒக்குமி. என்னைக் கேட்டால் கிமோனோவைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. இரண்டு உடல்துண்டுகளின் அகலம் முதுகையும் பக்கங்களையும் மூடத்தான் சரியாக இருக்கும். முன்னால் ஒன்றன்மேல் ஒன்று போட்டு மூடத் துணி பற்றாது. அந்தக் குறையைத் தீர்க்க இரு முன்பக்க விளிம்பிலும் ஒவ்வொரு பாதி அகலத் துண்டைச் சேர்க்கிறார்கள். பெண்கள் கிமோனோவில் தைத்து முடித்தபின் இதன் அகலம் வழக்கமாக 15 செ.மீ. இந்தத் துண்டு கீழே நேராகவும், மேலே காலருக்குள் சாய்ந்து நுழைந்து மறைவதாகவும் இருக்கும். சாய்ந்து நுழையும் இடத்தில் ஒக்குமியின் உச்சி கூர்மையாக முடிகிறது. அந்தக் கூர்முனை கென்சாகி, அதாவது வாள்முனை. அந்தச் சாய்வுக்காகத் துணியை வெட்டுவதில்லை. மிச்சத் துணி மடிந்து காலருக்குள்ளேயே கிடக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒக்குமியோடு சேர்ந்த இடது முன்பக்கம் உவாமாயே, வலது முன்பக்கம் ஷித்தாமாயே. இடதுதான் எப்போதும் மேலே வரும். ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. சட்டையில் இருப்பதுபோல் ஆண் பெண் வேறுபாடு இதில் இல்லை. சரியாகப் போட்டோமா என்று பார்க்க எளிய வழி: உங்கள் வலது கை மார்புப் பக்கத்து மடிப்புக்குள் தடையில்லாமல் நுழைந்தால் சரி. 719ஆம் ஆண்டு, பேரரசி கென்ஷோவின் காலத்தில், நாட்டு மக்கள் எல்லோரும் இப்படித்தான் அணிய வேண்டும் என்று ஆணையே பிறந்தது. சீன அரசவை வழக்கத்தைப் பின்பற்றிய ஏற்பாடு அது. வலதை மேலே போட்டு உடுத்துவது இறந்தவரின் உடலுக்கு மட்டும். சினிமாக்களிலும் விளம்பரங்களிலும் வெளிநாட்டு நடிகர்கள் அடிக்கடி இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பார்க்கிற ஜப்பானியருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பூவேலைப்பாடெல்லாம் பெரும்பாலும் உவாமாயேயில்தான் குவிந்திருக்கும், வெளியே தெரிவது அதுதான் என்பதால்.

காலருக்கு எரி என்று பெயர். இதில் சங்கதி நிறைய இருக்கிறது, கொஞ்சம் நின்றே பார்க்கலாம்.

எரி என்பது கழுத்தின் பின்புறம் நடுவில் தொடங்கி இரு பக்கமும் மார்பின் மேல் சாய்ந்து இறங்கி, இடுப்புக்குக் கீழே போய் முடியும் ஒரு நீண்ட பட்டி. அது முடியும் நுனி எரிசாகி. அங்கிருந்து கீழ்விளிம்பு வரை காலர் இல்லாமல் இறங்கும் ஒக்குமியின் ஓரத்துக்கு எரிஷித்தா என்றும் ட்சுமாஷித்தா என்றும் இரண்டு பெயர். ஒரே இடம்தான், குழம்ப வேண்டாம். காலரின் மேல், கழுத்தை ஒட்டிய பகுதியில் மட்டும், அதே துணியில் இன்னொரு குட்டைப் பட்டி உறைபோலத் தைத்திருக்கும். அது டோமோ-எரி, கக்கே-எரி என்றும் சொல்வார்கள். வியர்வை, முகப்பூச்சு, தலை எண்ணெய் எல்லாம் படுகிற இடம் அதுதான். அழுக்கேறினால் அந்த ஒன்றை மட்டும் பிரித்துத் துவைக்கலாம், நைந்தால் மாற்றலாம். எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) நகரப் பெண்கள் இந்த உறையைக் கறுப்பு சாட்டினில் போட்டுக்கொண்டார்கள். அழுக்குத் தெரியாது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும்.

காலரின் அகலத்திலும் வகை உண்டு. ஹிரோ-எரி என்பது இரு மடங்கு அகலமாகத் தைத்து, உடுத்தும்போது பாதியாக மடித்துக்கொள்வது. பெண்களின் பட்டுக் கிமோனோக்கள் பெரும்பாலும் இப்படி. பாச்சி-எரி முதலிலேயே பாதியாக மடித்துத் தைத்தது. கழுத்தருகே குறுகி, கீழே போகப் போக அகலும். கோடையில் போடும் பருத்திக் கிமோனோவான யுகாட்டாவில் பார்ப்பது இதுதான். ஆண்கள் கிமோனோவில் மேலிருந்து கீழ்வரை ஒரே குறுகிய அகலம்.

இந்தக் காலர் உட்காரும் கழுத்துத் திறப்புக்காகத்தான் உடல்துண்டில் ஒரே ஓர் உள்வெட்டு விழுகிறது. தோள் மடிப்பை ஒட்டி, நடுவிலிருந்து பக்கவாட்டில், ஒவ்வொரு துண்டிலும் ஏறக்குறைய 9 செ.மீ. நேர்க்கோடு. பெண்கள் கிமோனோவில் இந்த வெட்டு சரியாகத் தோள் மடிப்பின் மேல் விழாது, 2 அல்லது 3 செ.மீ. முதுகுப் பக்கம் தள்ளி விழும். அந்தத் தள்ளல்தான் குரிகோஷி. படங்களில் அநேகமாக இதைக் குறிப்பதே இல்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற பாகம் இல்லை. ஆனால் பெண்களின் கிமோனோவில் காலர் பிடரியை விட்டு விலகிப் பின்னால் சரிந்து நிற்கிறதே, அந்த அழகு முழுக்க இந்த இரண்டு செ.மீ. கணக்கில் நிற்கிறது. அப்படிக் காலரைப் பின்னுக்கு இழுத்து விடுவதை எமோன் இழுப்பது என்பார்கள். ஆடல் பாடல் கலைஞர்களான கெய்ஷாக்கள் அதிகம் இழுத்துவிடுவார்கள், வீட்டுப் பெண்கள் ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்கு. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் குரிகோஷி கிடையாது. காலர் பிடரியில் ஒட்டி நிற்கும்.

கிமோனோ காலருக்கு உள்ளே கழுத்தோரம் ஒரு வெள்ளைப் பட்டி எட்டிப் பார்க்கும், அது கிமோனோவின் பாகம் இல்லை. நாகாஜுபான் என்கிற உள்ளங்கியின் காலரில் தைத்த ஹான்-எரி அது. ஒவ்வொரு முறையும் பிரித்துத் துவைத்துத் திரும்பத் தைப்பார்கள். பட்டுக் கிமோனோவை அடிக்கடி துவைக்க முடியாது என்பதால் உடம்பின் அழுக்கையெல்லாம் உள்ளங்கியும் இந்தப் பட்டியும் வாங்கிக்கொள்கின்றன.

கை, அதாவது சோடே. ஒரு நீள்சதுரத் துணியை மேலே மடித்தால் கை தயார். மணிக்கட்டுப் பக்கம் முழுவதும் திறந்திருக்காது. மேலே ஏறக்குறைய 23 செ.மீ. மட்டும் திறந்துவிட்டு மீதியைத் தைத்து மூடிவிடுவார்கள். திறந்த வாய் சோடேகுச்சி. மூடிய பகுதிக்குக் கீழே பைபோலத் தொங்கும் இடம் டமோட்டோ. பெயருக்குப் பை இல்லை, நிஜமாகவே பைதான். கைக்குட்டை, காகிதம், காசு எல்லாம் அதில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். டமோட்டோவின் கீழ்மூலையைச் சற்றே உருட்டித் தைப்பார்கள். பெரியவர்களுக்கு 2 செ.மீ. அளவு உருட்டல், சிறுமிகளுக்கு நல்ல வட்டமாக. ஆடையில் வெளியே தெரியும் ஒரே வளைவு அநேகமாக இதுதான். அதையும் வெட்டுவதில்லை, உள்ளே சுருக்கி மடித்துத்தான் கொண்டுவருகிறார்கள்.

இனிக் கையின் மறுபக்கம், உடலை ஒட்டிய பக்கம். இங்கேதான் ஆண் பெண் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பெண்கள் கிமோனோவில் கையின் மேல்பாதி மட்டும் உடலோடு தைத்திருக்கும். அந்தத் தையல் சோடேட்சுகே. கீழ்ப்பாதி உடலோடு ஒட்டாமல், திறந்தே தொங்கும். அந்தத் திறந்த ஓரம் ஃபுரி. அதற்கு எதிரே உடல்துண்டிலும் அக்குளுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஒரு திறப்பு உண்டு. அது மியாட்சுகுச்சி. இது ஏதோ தையல் விட்டுப்போனது என்று நினைத்து, வாங்கி வந்த யுகாட்டாவில் ஊசி எடுத்து மூடிவிட்டவர்களை எனக்குத் தெரியும். மூடாதீர்கள்! உடுத்தும்போது இதன் வழியே கையை உள்ளே விட்டுத்தான் மடிப்புகளைச் சரிசெய்ய வேண்டும். அகலமான ஒபியை மார்புக்குக் கீழே இறுக்கிக் கட்டியபின் கையைத் தூக்கவும் இந்தத் திறப்பு வேண்டும். ஆண்கள் ஒபியைத் தாழ்த்தி இடுப்பெலும்பில் கட்டுகிறார்கள், அதுவும் பத்து செ.மீ. அகலம்தான். அவர்களுக்கு இது தேவையில்லை. அதனால் ஆண்கள் கிமோனோவில் கை ஏறக்குறைய முழு நீளத்துக்கும் உடலோடு சேர்ந்திருக்கும். கீழே சேராமல் மிஞ்சும் சில செ.மீ. ஓரத்தையும் தைத்து மூடிவிடுவார்கள். அந்த மூடிய ஓரத்துக்கு நிங்யோ என்று பெயர்.

கிமோனோ வகைகளின் பெயர் பலவும் கையைக் கொண்டே அமைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்றைய கிமோனோவின் மூதாதை கோசோடே. ஹெயான் கால (794–1185) மேட்டுக்குடியினர் பல அடுக்கு ஆடைகளுக்குள்ளே உள்ளாடையாகப் போட்டது. முரோமாச்சி காலத்தில் (1336–1573) மேலாடையாக வெளியே வந்தது. கோசோடே என்றால் 'சிறிய கை'. மணிக்கட்டு வாய் சிறியது என்ற பொருளில்தான், கை குட்டை என்று அல்ல. மணமாகாத பெண்கள் அணியும் ஃபுரிசோடேயின் கை 85 முதல் 115 செ.மீ. வரை தொங்கும். ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை, பெரியவர்களாகிவிட்ட இளைஞர்களுக்கு நடக்கும் விழாவில் ஜப்பானிய நகரங்களின் ரயில் நிலையங்கள் முழுக்க இதைத்தான் பார்க்கலாம். சாதாரணக் கிமோனோவின் கை 49 செ.மீ. மணமான பெண்களின் உச்ச உடையான கறுப்பு டோமேசோடேயும் அந்தக் குட்டைக் கைதான். அதில் வேலைப்பாடு இடுப்புக்குக் கீழே மட்டும். மேலே வெறும் கறுப்பில் ஐந்து குலச்சின்னங்கள்: முதுகு நடுவில் ஒன்று, இரு கைகளின் பின்புறம் ஒவ்வொன்று, மார்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று.

கீழ்ப்பகுதிக்கு வருவோம். கீழ்விளிம்பு சுசோ. முன்பக்க ஓரமும் கீழ்விளிம்பும் சேரும் மூலை ட்சுமாசாகி. பொதுவாக அந்த ஓரத்தையே ட்சுமா என்பார்கள். தரையில் புரளும் கிமோனோவோடு தெருவில் இறங்கும் கெய்ஷா அந்த ட்சுமாவை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதனால் 'இடது ட்சுமாவைப் பிடித்தவள்' என்றாலே கெய்ஷா என்று பொருளாகிவிட்டது. மணப்பெண் வலது கையால் பிடிப்பது வழக்கம்.

உள்துணி வைத்த கிமோனோ அவாசே, உள்துணி இல்லாதது ஹிதோயே. அவாசேயின் உள்துணி ஒரே துணி இல்லை. மேல்பாதிக்கு வெள்ளைப் பட்டில் டோவுரா, கீழ்ப்பாதிக்கும் ஓரங்களுக்கும் நிறம் ஏற்றிய ஹக்காக்கே. நடக்கும்போது முன்பக்கம் சற்றே விலகி ஹக்காக்கேயின் நிறம் கண்ணில் பட்டு மறையும். சாம்பல் நிறக் கிமோனோவுக்கு என்ன ஹக்காக்கே போடுவது என்று மணிக்கணக்கில் யோசிப்பவர்கள் உண்டு. கீழ்விளிம்பில் உள்துணியை ஒரு நூலிழை அளவு வெளியே எட்டிப் பார்க்கும்படி தைப்பார்கள். அது ஃபுகி. தரையில் உராய்வதும் அழுக்காவதும் அதுவே என்பதால் மேல்துணி தப்பிக்கும். ஹிதோயேயில் உட்காருமிடத்தில் உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைப்பது உண்டு, இஷிகிஆதே என்று பெயர். தையல் விரியாமல் இருக்க.

உடுத்தினால் மட்டும் தோன்றுகிற ஒரு பாகம் இருக்கிறது: ஓஹாஷோரி. பெண்கள் கிமோனோவின் நீளம் ஏறக்குறைய அணிபவரின் உயரம். அப்படியே போட்டால் தரையில் புரளும். அதனால் இடுப்பில் தூக்கி, கோஷிஹிமோ என்கிற நாடாவால் கட்டி, மிஞ்சிய துணியை அதன்மேல் மடித்து விடுகிறார்கள். ஒபிக்குக் கீழே ஒரு பட்டிபோலத் தெரிவது அந்த மடிப்பு. புடவையை ஆளுக்குத் தகுந்தாற்போல் கட்டும்போதே சரிசெய்துகொள்வது போலத்தான், அம்மாவின் கிமோனோ சற்றுக் குட்டையான மகளுக்கும் சரியாகிவிடும். ஆண்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்கள் கிமோனோ உயரத்துக்கு அளந்தே தைப்பது. மிச்சத் துணியை இடுப்புக்குள் மறைவாகப் பிடித்துத் தைத்து வைத்திருப்பார்கள், வேண்டும்போது பிரித்து விட்டுக்கொள்ள. குழந்தைகளுக்கு அதை வெளியே தெரியும்படியே, தோளில் ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு மடிப்பு என்று பிடித்து வைப்பார்கள். கத்தாஅகே, கோஷிஅகே. பிள்ளை வளர வளர மடிப்பு அவிழும்.

ஏன் எதையும் வெட்டி எறியாமல் மடித்து மடித்தே உள்ளே வைக்கிறார்கள்? இதற்கான பதில்தான் கிமோனோவின் முழு அமைப்பும். அடிக்கடி துவைக்க முடியாத பட்டுத்துணியை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தையல் முழுவதையும் பிரித்து, எட்டுத் துண்டுகளையும் ஓரத்தோடு ஓரம் வரிசையாகச் சேர்த்துத் தைத்து, மறுபடி பழைய நீளச் சுருளாக்கி, அலசி, மூங்கில் குச்சிகளால் அகல விரித்துக் காயவைத்துத் திரும்பக் கிமோனோவாகத் தைப்பார்கள். அராய்ஹரி என்று இதற்குப் பெயர். நேர்வெட்டாக இருந்தால்தான் இது நடக்கும். ஒரு வளைவு வெட்டியிருந்தால்கூடச் சுருள் சேராது. பிரித்துச் சேர்க்கும்போது முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கலாம், நைந்த இடத்தைக் காலருக்குள் மறைக்கலாம்.

பழைய ஊதாப் பட்டுக் கிமோனோ ஒன்றை ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். தையல் முழுக்கக் கைத்தையல், நீண்ட நூலோட்டு. நூல் இழுத்தால் வந்துவிடும் அளவுக்குத்தான் பிடிப்பு. கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. எங்காவது மாட்டி இழுபட்டால் நூல்தான் முதலில் அற வேண்டும், துணி கிழியக் கூடாது என்பது கணக்கு. தையல் போட்ட கோட்டில் அப்படியே மடிக்காமல், அதைத் தாண்டி 2 மி.மீ. விட்டு மடித்திருந்தார்கள். கிசே என்கிறார்கள் இதை. தையல் வெளியே தெரியாது, இழுவையும் நேராக நூலில் விழாது. காலரைப் பிரித்தபோது உள்ளே சாய்வாக மடிந்து கிடந்த ஒக்குமியின் தலைப்பகுதி வெளியே வந்தது. அங்கே மட்டும் ஊதா நிறம் நேற்றுச் சாயம் போட்டதுபோல் அடர்த்தியாக இருந்தது, வெளியே இருந்ததெல்லாம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

விலையுயர்ந்த கிமோனோக்களில் ஒரு கொடியோ அலையோ தையலைத் தாண்டிக் காலரிலிருந்து உடலுக்கும் உடலிலிருந்து கைக்கும் தொடர்ந்து ஓடும். இந்த அமைப்பு எபா. இதற்காக வெள்ளைத் துணியையே முதலில் வெட்டி, தற்காலிகமாக நூலோட்டிக் கிமோனோவாக்கி, அதன் மேல் ஒருவகைப் பூவின் நீலச்சாற்றால் கோடு வரைகிறார்கள். தண்ணீர் பட்டால் அந்த நீலம் போய்விடும். பிறகு பிரித்துச் சாயம் தோய்த்து, மீண்டும் தைப்பது.

துணியைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. எடோ காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் சாந்தோமே-ஜிமா என்றே பெயர். நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான். எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) நாகரிக ஆண்கள் அந்தக் கோடுகளை விரும்பிக் கிமோனோவாக அணிந்தார்கள். பிறகு ஜப்பானிலேயே, குறிப்பாகக் கவாகோயேயில், அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள்.

ஒபியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் விழாவுக்குக் கட்டும் ஃபுக்குரோ ஒபி 30 செ.மீ.க்குச் சற்று மேல் அகலம், நீளம் 4 மீட்டருக்கு மேல். அதைவிட எளிதானது நாகோயா ஒபி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகோயா நகரில் வந்தது. இடுப்பைச் சுற்றும் பகுதியை முன்கூட்டியே பாதியாக மடித்துத் தைத்திருப்பார்கள். ஒபிக்கும் பாகப் பெயர்கள் உண்டு. முதலில் கையில் பிடிக்கும் முனை தே, தொங்கும் முனை தாரே, முதுகில் பெட்டிபோல் நிற்கும் முடிச்சு ஓதாய்க்கோ. ஒபியின் மேல்விளிம்பில் எட்டிப் பார்க்கும் மெல்லிய பட்டுத்துணி ஒபி-அகே. எல்லாவற்றுக்கும் மேலே நடுவில் கட்டும் கயிறு ஒபிஜிமே. அந்தக் கயிறு அவிழ்ந்தால் ஓதாய்க்கோ சரிந்துவிடும்.

இதில் எத்தனை பெயர் உங்களுக்கு உண்மையில் வேண்டும்? வெறுமனே படம் பார்க்க மிகோரோ, ஒக்குமி, எரி, சோடே என்று நான்கு போதும். பழைய கிமோனோ ஒன்றை இணையத்தில் வாங்கப் போகிறீர்கள் என்றால் மூன்று அளவுப் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மித்தாகே என்பது உடல் நீளம். பெண்களுக்கு அது தம் உயரத்தைவிட 5 செ.மீ. முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், தோளிலிருந்து அளந்ததா முதுகுக் கழுத்திலிருந்து அளந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சோடேதாகே என்பது கை தொங்கும் நீளம். அது உள்ளங்கியின் கையோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஃபுரி வழியே உள்ளங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது யுகி. கையைப் பக்கவாட்டில் சாய்வாக இறக்கி நீட்டிக்கொண்டு, பின்கழுத்து எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு எலும்பு வரை அளப்பது. முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். நீளம் கூடினால் ஓஹாஷோரியில் மறைக்கலாம், சுற்றளவு கூடினால் ஒன்றன்மேல் ஒன்றாக இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டலாம். யுகி என்பது ஒரு உடல்துண்டின் அகலமும் ஒரு கைத்துண்டின் அகலமும் சேர்ந்தது. 36 செ.மீ. துணியில் தையலுக்குப் போக 68 அல்லது 70 செ.மீ.க்கு மேல் அதைக் கொண்டுபோக வழியில்லை, பழைய துணிகள் பல இன்னும் குறுகல். உங்கள் அளவு 72 என்றால் பழைய கிமோனோவில் மணிக்கட்டு வெளியே தெரியத்தான் செய்யும். விற்பவரிடம் கை உடலோடு சேரும் தையலுக்குள் எவ்வளவு துணி மடிந்திருக்கிறது என்று கேளுங்கள். 2 செ.மீ. இருந்தாலும் பிரித்து விடலாம். ஆனால் வெளுக்காத அந்த உள்துணி ஒரு கோடாகத் தெரியும், அதற்குச் சம்மதம் என்றால் வாங்குங்கள்.